பத்து நாள் கணக்கு: விண்டோஸ் 11-க்கு மாறுகிறவர்கள் வரிசையாகச் செய்ய வேண்டியவை

விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாறிய மறுநாள் காலை வேலை செய்ய உட்கார்ந்தேன். ஸ்டார்ட் பொத்தான் மூலையில் இல்லை. ஒரு ஃபைலை வலது கிளிக் செய்தால் காப்பி என்ற சொல்லே கண்ணில் படவில்லை. திறந்து வைத்திருந்த நான்கு எக்செல் ஃபைல்களும் ஒரே படமாகச் சுருங்கி டாஸ்க்பாரின் நடுவில் நின்றன. பல வருடமாகக் கை தானாகச் செய்துவந்த ஒவ்வொரு காரியத்துக்கும் நின்று தேட வேண்டியிருந்தது. அன்றைக்கு அரை மணி நேர வேலைக்கு மூன்று மணி நேரம் போனது.

அதைவிடப் பெரிய அடி பன்னிரண்டாவது நாள் விழுந்தது. எப்போதாவது மட்டும் தேவைப்படும் பழைய ஸ்கேனரை அன்றைக்குத்தான் இணைத்தேன், அது ஓடவில்லை. சரி, பழையதற்கே திரும்பிவிடலாம் என்று பார்த்தால் திரும்பும் வழி பத்தாவது நாளோடு மூடிவிட்டது. அந்தப் பத்து நாள் கணக்கு எனக்கு முன்பே தெரிந்திருந்தால் எல்லாவற்றையும் வேறு வரிசையில் செய்திருப்பேன். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். மெனுவில் உள்ள பெயர்களை ஆங்கிலத்தில் வருகிறபடியே தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன், திரையில் பார்த்தால் அடையாளம் தெரிந்துவிடும்.

1. மாறுவதா, இன்னும் கொஞ்ச நாள் இருப்பதா

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அன்றைக்குப் பிறகும் கணினி ஓடும், ஆனால் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தாமாக வராது. தனிநபர்களுக்கு ஒரு நீட்டிப்புத் திட்டம் வைத்தார்கள். அதில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு கிடைக்கும் என்று அறிவித்தார்கள். சேர மூன்று வழி: கணினியின் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் இலவசம், அல்லது மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1000, அல்லது 30 டாலர். ஒரு உரிமத்தை 10 கணினி வரை பயன்படுத்தலாம். விண்டோஸ் 10-இல் 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கும் வேண்டும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேருவதற்கான இணைப்பு இருக்கும்.

முக்கியமான வேலை ஒன்றின் நடுவில் இருப்பவர்களுக்கு இது நல்ல வழி. தோற்றத்தில் எதுவும் மாறாது, பாதுகாப்பு மட்டும் வரும், மூச்சு விட நேரம் கிடைக்கும்.

மாறுவது என்று முடிவானால், முதலில் பிசி ஹெல்த் செக் என்ற மைக்ரோசாஃப்டின் இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். உங்கள் கணினி 11-க்குத் தகுதியானதா என்று அது சொல்லும். டிபிஎம் 2.0 (கணினிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சிப்) இல்லை என்று சொன்னால் உடனே புதுக் கணினி வாங்கக் கிளம்ப வேண்டாம். பல கணினிகளில் டிபிஎம் உள்ளே இருக்கும், விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். அதை இயக்கிவிட்டு மறுபடி சோதித்துப் பாருங்கள். கணினியின் ப்ராசஸரே பழையது என்று வந்தால் அதற்கு மாற்று வழி இல்லை. குறுக்கு வழியில் ஏற்றலாம் என்று பலர் சொல்வார்கள், ஆனால் தகுதியில்லாத கணினிக்குப் புதுப்பிப்பு தொடர்ந்து வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

செலவைப் பற்றி இன்னொன்று. முறையான விண்டோஸ் 10 வைத்திருப்பவருக்கு 11 இலவசம். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே வரும். இதற்கென்று உரிமம் விற்கிறேன் என்று யார் சொன்னாலும் பணம் கொடுக்காதீர்கள்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். நான் தாண்டிப் போனேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் பேக்கப். வெளியே இணைக்கும் ஹார்டு டிஸ்க் ஒன்றில் உங்கள் ஃபைல்கள் அனைத்தையும் நகல் எடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள்.

அடுத்து மைக்ரோசாஃப்ட் கணக்கின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும். கணினியை வாங்கிய அன்று யாரோ உருவாக்கிக் கொடுத்த கணக்கு என்றால், இன்றைக்கே ஒரு முறை உலாவியில் நுழைந்து பாருங்கள். கணக்கோடு இணைந்த தொலைபேசி எண் பழையதாக இருந்தால் அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது, பலருக்குத் தெரியாத ஒன்று: ரெக்கவரி கீ. உங்கள் வட்டு என்க்ரிப்ட் செய்யப்பட்டிருந்தால், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருந்தால், பெரிய மாற்றங்களுக்குப் பிறகு, குறிப்பாக பயாஸில் கை வைத்த பிறகு, கணினி திடீரென்று நீலத் திரையில் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கலாம். அது இல்லாவிட்டால் வட்டில் உள்ள எதையும் திறக்க முடியாது. செட்டிங்ஸ் தேடல் பெட்டியில் டிவைஸ் என்க்ரிப்ஷன் என்று தேடிப் பாருங்கள். ஆன் என்று இருந்தால், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்த எண்ணை எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். அதே கணினியில் சேமித்து வைத்தால் பயனில்லை, பூட்டிய பெட்டிக்குள் சாவியை வைத்த கதைதான்.

அப்புறம் நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய மென்பொருள்களின் உரிம எண்கள், பிரிண்டர், ஸ்கேனர் ஆகியவற்றின் மாடல் எண், வைஃபை கடவுச்சொல்.

கடைசியாக, கைபேசியில் சில புகைப்படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்: டெஸ்க்டாப், டாஸ்க்பார், திறந்த நிலையில் ஸ்டார்ட் மெனு, ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் இடப்பக்கப் பட்டியல். அற்பமாகத் தெரியும். ஆனால் எது எங்கே இருந்தது என்பது கைக்குத்தான் நினைவிருக்கும், தலைக்கு இருக்காது. மாறிய பிறகு இந்தப் படங்களைப் பார்த்துத்தான் நான் ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தேன், அதுவும் நான் எடுத்ததல்ல, வேறு எதற்கோ நண்பர் ஒருவர் எடுத்திருந்த படம்.

3. நாள் குறிப்பது

அடுத்த நாள் கட்டாய வேலை எதுவும் இல்லாத ஒரு நாளில் தொடங்குங்கள். பதிவிறக்கத்தையும் நிறுவலையும் சேர்த்தால் சில மணி நேரம் ஆகலாம், இணையம் மெதுவாக இருந்தால் இன்னும் கூடும். மடிக்கணினி என்றால் சார்ஜரைக் கழற்றாதீர்கள்.

மாறிய நாளை ஒன்று என்று எண்ணி, ஏழாவது நாளைக் கைபேசிக் காலண்டரில் குறித்துவிடுங்கள், பழையதற்குத் திரும்புவதா வேண்டாமா என்று அன்றைக்கு முடிவு செய்துவிடலாம். செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி என்று போனால் கோ பேக் என்ற பொத்தான் இருக்கும். பத்து நாளுக்குள் அதை அழுத்தினால் விண்டோஸ் 10 திரும்பிவிடும், உங்கள் சொந்த ஃபைல்கள் அப்படியே இருக்கும். மாறிய பிறகு நிறுவிய மென்பொருள்களும் செய்த அமைப்பு மாற்றங்களும் மட்டும் போய்விடும். பத்து நாள் கழிந்தால் பழையதற்கு வர எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவுவதைத் தவிர வேறு வழி இல்லை. 11 ஏற்கெனவே போட்டு விற்கப்பட்ட புதுக் கணினியில் இந்தப் பொத்தான் உதவாது, திரும்பிப் போக அதில் பழையது எதுவும் இல்லையே.

இதில் ஒரு பொறி உண்டு. வட்டில் இடம் குறைவாக இருக்கிறதே என்று டிஸ்க் கிளீனப் ஓட்டி, பிரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்ஸ் என்பதை டிக் செய்து அழித்தால், அந்த நிமிடமே திரும்பும் வழி போய்விடும், பத்து நாள் ஆகியிருக்க வேண்டியதில்லை. அந்தப் பத்து நாளும் அதைத் தொடாதீர்கள்.

முதல் மூன்று நாளுக்குள் உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு கருவியையும் இணைத்துப் பாருங்கள். தினமும் தேவைப்படுவதை மட்டும் சோதித்தால் போதாது. வருடத்துக்கு ஒரு முறை எடுக்கும் ஸ்கேனர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், பழைய வெப்கேம் எல்லாவற்றையும் எடுத்து ஓட்டுங்கள். தோற்றத்துக்குக் கை பழகிவிடும், அதைச் சரிசெய்ய எத்தனையோ வழி உண்டு. ஓடாத கருவிக்கு டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) கிடைக்காவிட்டால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. ஆகவே பத்து நாளுக்குள் முடிவு செய்ய வேண்டியது இதைப் பற்றித்தான்.

4. முதல் ஒரு மணி நேரம்: டாஸ்க்பார், ஸ்டார்ட், வலது கிளிக்

விண்டோஸ் விசையோடு ஐ எழுத்தை அழுத்தினால் செட்டிங்ஸ் திறக்கும். பெர்சனலைசேஷன், அதற்குள் டாஸ்க்பார், அதற்குள் கீழே டாஸ்க்பார் பிஹேவியர்ஸ். டாஸ்க்பார் அலைன்மென்ட் என்பதை லெஃப்ட் என்று மாற்றுங்கள், ஸ்டார்ட் பொத்தான் பழைய மூலைக்கு வந்துவிடும். அதே இடத்தில் காம்பைன் டாஸ்க்பார் பட்டன்ஸ் என்பதை நெவர் என்று வைத்தால் ஒவ்வொரு ஃபைலும் பெயரோடு தனித்தனியாக நிற்கும். 11 வெளிவந்தபோது இந்த வசதியையே எடுத்துவிட்டார்கள், பலரும் கேட்ட பிறகு 2023-இல்தான் திரும்பக் கொடுத்தார்கள். ஆகவே பழைய வழிகாட்டிகளில் இது முடியாது என்று எழுதியிருந்தால் நம்பாதீர்கள். என் எரிச்சலில் பாதி இந்த இரண்டு மாற்றத்திலேயே தீர்ந்துவிட்டது.

டாஸ்க்பாரைத் திரையின் பக்கவாட்டில் வைத்துப் பழகியவர்கள் மாறும் முன் நன்றாக யோசியுங்கள். அந்த வசதியையும் 11 வந்தபோது எடுத்துவிட்டார்கள். உங்கள் கணினிக்கு வந்திருக்கும் பதிப்பில் அது இருக்கிறதா என்று இதே பக்கத்தில் பாருங்கள், இல்லாவிட்டால் செட்டிங்ஸில் வேறு எங்கும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஸ்டார்ட் மெனுவில் ரெக்கமெண்டட் என்ற பகுதி இடத்தை அடைத்துக்கொள்ளும். பெர்சனலைசேஷன், ஸ்டார்ட் என்று போய் அண்மையில் திறந்தவை, பரிந்துரைகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். 2025 இறுதியில் வரத் தொடங்கிய புதிய ஸ்டார்ட் மெனுவில் இவற்றை அணைத்தால் அந்தப் பகுதியே மறைந்துவிடும், எல்லா மென்பொருள்களும் அதே பக்கத்தில் தெரியும். அதற்கு முந்தையதில் பகுதி காலியாக நிற்கும், அவ்வளவுதான். அதே பக்கத்தில் ஃபோல்டர்ஸ் என்று ஒன்று உண்டு. அதில் டாக்யுமென்ட்ஸ், செட்டிங்ஸ் ஆகியவற்றை ஆன் செய்தால் பவர் பொத்தானுக்குப் பக்கத்தில் வந்து உட்காரும்.

ஆனால் ஸ்டார்ட் மெனுவை அழகுபடுத்துவதில் அதிக நேரம் செலவிடாதீர்கள். விண்டோஸ் விசையை அழுத்திவிட்டு மென்பொருளின் பெயரில் முதல் மூன்று எழுத்தைத் தட்டி என்டர் அழுத்தும் பழக்கம் ஒன்றைக் கற்றுக்கொண்டால் போதும். பதிப்புக்குப் பதிப்பு மெனுவை எப்படி மாற்றினாலும் இந்த வழி மாறாமல் இருக்கிறது.

இனி வலது கிளிக். கட், காப்பி, ரீநேம், டெலிட் எல்லாம் மெனுவின் விளிம்பில் ஒரு வரிசைச் சின்னங்களாக மாறியிருக்கின்றன, அதனால்தான் பழைய இடத்தில் தேடினால் கிடைக்கவில்லை. உங்கள் ஜிப் மென்பொருள், பழைய மென்பொருள்கள் சேர்த்த வரிகள் போன்றவை ஷோ மோர் ஆப்ஷன்ஸ் என்பதற்குள் ஒளிந்திருக்கும். ஒவ்வொரு முறையும் இரண்டு கிளிக் செய்ய வேண்டாம். ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கிளிக் செய்தால் பழைய மெனு நேராகத் திறக்கும். விண்டோஸின் உள் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியை மாற்றிப் பழைய மெனுவை நிரந்தரமாக்கும் வழி இணையம் முழுக்கக் கிடக்கிறது. ஒரு விசையில் முடிகிற காரியத்துக்கு ரெஜிஸ்ட்ரியில் கை வைக்க நான் சொல்ல மாட்டேன். செய்தே ஆவேன் என்றால் கிரியேட் எ ரெஸ்டோர் பாயின்ட் என்று தேடி, மீட்புப் புள்ளி ஒன்றை உருவாக்கிவிட்டுச் செய்யுங்கள்.

வைஃபை, ஒலி, பேட்டரி மூன்றும் இப்போது ஒரே பொத்தான். விண்டோஸ் விசையோடு ஏ அழுத்தினால் அது திறக்கும், என் (N) அழுத்தினால் காலண்டரும் அறிவிப்புகளும். எக்ஸ் அழுத்தினால் டாஸ்க் மேனேஜர், ஷட் டவுன் எல்லாம் உள்ள பழைய பாணிப் பட்டியல் வரும். இந்த மூன்றை ஒரு துண்டுத் தாளில் எழுதித் திரையில் ஒட்டிக்கொண்டேன், ஒரு வாரத்தில் தாள் தேவைப்படவில்லை.

5. கண்ணுக்கு

புதிய தோற்றத்தில் தலைவலி வருகிறது என்பவர்கள் நிறைய. செட்டிங்ஸில் அக்சசிபிலிட்டி, விஷுவல் எஃபெக்ட்ஸ் என்று போங்கள். டிரான்ஸ்பரன்சி எஃபெக்ட்ஸை அணையுங்கள், எழுத்துக்குப் பின்னால் தெரியும் மங்கல் போய்விடும். அனிமேஷன் எஃபெக்ட்ஸை அணையுங்கள், பழைய கணினி வேகம் கூடினதுபோல் இருக்கும். ஆல்வேஸ் ஷோ ஸ்க்ரோல்பார்ஸ் என்பதை ஆன் செய்யுங்கள். மெல்லிய கோடாகச் சுருங்கி மறையும் ஸ்க்ரோல்பாரைத் துரத்திப் பிடிக்க வேண்டியிருக்காது. எழுத்து சிறியதாகப் பட்டால் அதே அக்சசிபிலிட்டியில் டெக்ஸ்ட் சைஸ் உண்டு, 225 சதவீதம் வரை ஏற்றலாம். டிஸ்ப்ளே பக்கத்தில் உள்ள ஸ்கேல் வேறு, அது படம், பொத்தான் எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிதாக்கும். முதலில் டெக்ஸ்ட் சைஸை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

6. ஃபைல்கள் எங்கே போயின

ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் மேலே மூன்று புள்ளியை அழுத்தி ஆப்ஷன்ஸ் போனால், திறக்கும்போது ஹோம் வராமல் திஸ் பிசி வரும்படி வைக்கலாம். வியூ பட்டியலில் காம்பேக்ட் வியூ போட்டால் வரிகளுக்கு நடுவே உள்ள அகலமான இடைவெளி குறையும். அதே வியூ, ஷோ என்பதில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸை டிக் செய்துவிடுங்கள், ஆவணம்போல் வேடமிட்டு வரும் ஆபத்தான ஃபைலை அடையாளம் காண அது வேண்டும்.

பெரிய பொறி, மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவ். அமைக்கும்போது நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டிக்கொண்டே போனால் டெஸ்க்டாப், டாக்யுமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்று ஃபோல்டரும் ஒன்டிரைவுக்குள் இடம் மாறியிருக்கலாம். இலவச இடம் 5 ஜிபிதான். அது நிறைந்ததும் பணம் கட்டி இடம் வாங்கச் சொல்லி அறிவிப்பு வரும். வாங்கும் முன் உங்களுக்கு இந்த வசதி வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். வேண்டாம் என்றால் ஒன்டிரைவ் செட்டிங்ஸில் மேனேஜ் பேக்கப் என்பதற்குள் போய் நிறுத்தலாம். நிறுத்தியதும் டெஸ்க்டாப் வெறுமையாகத் தெரிந்தால் பதற வேண்டாம், ஃபைல்கள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருக்கும். அங்கிருந்து உங்கள் பழைய ஃபோல்டருக்கு நீங்களே நகர்த்துங்கள்.

எக்காரணம் கொண்டும் இது வெறும் நகல்தானே என்று ஒன்டிரைவ் ஃபோல்டரில் உள்ளதை அழிக்காதீர்கள். அங்கே அழித்தால் இணையத்திலும் மற்ற கணினிகளிலும் சேர்ந்து அழியும். அழித்துவிட்டவர்கள் உடனே ஒன்டிரைவின் இணையதளத்தில் உள்ள ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள், தனிநபர் கணக்கில் 30 நாள் அங்கே இருக்கும்.

7. குறுக்கே வந்து நிற்பவை

வானிலை, செய்தி காட்டும் விட்ஜெட்ஸை டாஸ்க்பார் பக்கத்திலேயே அணைக்கலாம். புதுப்பிப்புக்குப் பிறகு கணினி திறக்கும்போது, அமைப்பை முடிப்போம் வாருங்கள் என்று முழுத்திரையில் ஒன்று வந்து நிற்கும். அவசரத்தில் அதைத் தட்டினால் உலாவி, ஒன்டிரைவ் எல்லாம் மாறிவிட வாய்ப்புண்டு. செட்டிங்ஸ், சிஸ்டம், நோட்டிஃபிகேஷன்ஸ் பக்கத்தின் அடியில் அடிஷனல் செட்டிங்ஸ் என்று ஒன்று மறைந்திருக்கிறது, அதில் உள்ள டிக்குகளை எடுத்துவிடுங்கள். பிரின்ட் ஸ்கிரீன் விசை பழையபடி வேலை செய்யவில்லை என்றால் அக்சசிபிலிட்டி, கீபோர்டு பக்கத்தில் அதற்கான சுவிட்ச் உண்டு.

8. பழைய தோற்றம் தரும் வெளி மென்பொருள்கள்

இவை உண்டு, நல்லவையும் உண்டு. ஓபன்-ஷெல் இலவசம், ஸ்டார்ட்11 காசு கொடுத்து வாங்குவது. ஆனால் இந்த வகை மென்பொருள்கள் சில, விண்டோஸின் உள்பகுதியில் நுழைந்து வேலை செய்கின்றன. மாதப் புதுப்பிப்பு ஒன்று உள்பகுதியை மாற்றினால் அன்றைக்கு அவை தடுமாறும். வேறொரு இலவச மென்பொருளை நான் போட்டிருந்தேன். ஒரு நாள் புதுப்பிப்பு முடிந்து திறந்தால் டாஸ்க்பாரே வரவில்லை, கறுப்புத் திரை மட்டும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, அதிலிருந்து செட்டிங்ஸுக்குப் போய் அதை நீக்கினேன்.

அதனால் முதல் பத்து நாள் எதையும் போடாமல் மேலே சொன்னவற்றை மட்டும் செய்து பாருங்கள். அப்படியும் முடியவில்லை என்றால் ஒன்றை மட்டும், அதை உருவாக்கியவரின் தளத்திலிருந்து மட்டும் எடுத்துப் போடுங்கள். காசு கேட்கும் மென்பொருளைச் சோதனைக் காலத்தில் ஓட்டிப் பார்த்த பிறகு வாங்கலாம்.

9. மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்கள்

மேக்கில் பத்து நாள் சலுகையெல்லாம் கிடையாது. பழைய பதிப்புக்கு வர வட்டை அழித்து நிறுவ வேண்டும், ஆகவே டைம் மெஷின் பேக்கப் எடுக்காமல் மாறவே மாறாதீர்கள். 2025 செப்டம்பரில் வந்த மேக்ஓஎஸ் 26 டஹோவின் கண்ணாடித் தோற்றம் வாசிக்கச் சிரமமாக இருந்தால் சிஸ்டம் செட்டிங்ஸ், அக்சசிபிலிட்டி, டிஸ்ப்ளே என்று போய் ரெட்யூஸ் டிரான்ஸ்பரன்சி ஆன் செய்யுங்கள். லாஞ்ச்பேடை எடுத்துவிட்டார்கள், அதன் இடத்தில் ஆப்ஸ் என்று ஒன்று இருக்கிறது.

லினக்ஸில் க்னோம் என்ற டெஸ்க்டாப் பிடிக்காவிட்டால் அதோடு போராட வேண்டியதில்லை. சினமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று பழைய பாணி டெஸ்க்டாப்கள் இருக்கின்றன. நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். எக்ஸ்டென்ஷன்கள் என்ற துணை மென்பொருள்களை நம்பி க்னோமை மாற்றியமைப்பவர்கள், பதிப்பு ஏற்றும் முன் அந்த எக்ஸ்டென்ஷன் புதிய பதிப்பில் ஓடுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

10. வீட்டில் பெரியவர்கள் பயன்படுத்தும் கணினி என்றால்

என் அம்மாவின் கணினியை மாற்றியபோதுதான் இது புரிந்தது. நமக்கு எரிச்சல், அவர்களுக்குப் பயம். தாம் ஏதோ தப்பாகத் தட்டிக் கெடுத்துவிட்டதாக அம்மா இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் கணினியைத் திறக்கவே இல்லை. ஆகவே சொல்லாமல் மாற்றாதீர்கள். நீங்கள் பக்கத்தில் இருக்கும் வாரத்தில் மாற்றுங்கள், 4-ஆம், 5-ஆம், 7-ஆம் படிகளை அவர்கள் உட்காரும் முன் முடித்துவிடுங்கள், பழைய புகைப்படத்தைப் பார்த்து டெஸ்க்டாப் சின்னங்களை அதே வரிசையில் வையுங்கள். அப்புறம் அவர்கள் தினமும் செய்யும் மூன்று நான்கு வேலைகளை அவர்கள் கையாலேயே செய்யச் சொல்லி, எங்கே நிற்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். மௌஸை வாங்கி நீங்களே செய்து காட்டினால் அவர்களுக்கு எதுவும் பழகாது.

11. பெரிய புதுப்பிப்பு வரும்போது

விண்டோஸ் 11-க்கு ஆண்டுக்கு ஒரு பெரிய புதுப்பிப்பு, பெரும்பாலும் ஆண்டின் பிற்பாதியில் வரும். வேலை நெருக்கடி இருந்தால் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் பாஸ் என்பதைப் போட்டு ஐந்து வாரம் வரை தள்ளிவைக்கலாம். வந்த பிறகு ஐந்து இடங்களை மட்டும் பாருங்கள்: டாஸ்க்பார் பிஹேவியர்ஸ், ஸ்டார்ட் பக்கம், நோட்டிஃபிகேஷன்ஸ் அடியில் உள்ள டிக்குகள், டிஃபால்ட் உலாவி, ஒன்டிரைவின் மேனேஜ் பேக்கப். எனக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனதில்லை. ரெக்கவரி கீ எழுதிய தாளின் பின்பக்கத்திலேயே இந்த ஐந்தையும் எழுதி வைத்திருக்கிறேன்.